ஸ்போர்சா வழிபாட்டு நூலும் அதன் பிற்சேர்க்கைகளும்

முன்னுரை

பழஞ்சுவடி ஒன்றைக் கையிலெடுக்கும் ஆராய்ச்சியாளன் முதற்கண் எழுப்பும் வினா, ‘இதன்கண் பழையது யாது? பின்வந்தது யாது?’ என்பதாகும். அவ்வினா முறையானதே. முன்னையதும் பின்னையதும் விரவிக் கிடக்கும் நிலையில் காலமுறை காண்டல் அரிது. எனினும், பிரித்துக் காண்டல் ஒன்று. பிரித்தபின் பின்னையதை ஒதுக்கிவிடுதல் பிறிதொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் ஆராய்ச்சியுலகில் அருகியதன்று. ‘பிற்சேர்க்கை’ என்ற அளவிலேயே ஒரு பகுதி ஆராயத் தகாதது போலாகிவிடுகின்றது. ‘இடைச்செருகல்’ என்று பெயரிட்டுவிட்டாலோ, அதன்மேல் வஞ்சகக் குற்றமும் ஏறிவிடுகின்றது.

இம்மயக்கத்தைத் தெளிவித்தற்குப் பிற்சேர்க்கையின் காரணம், காலம், செய்தோர், செய்வித்தோர் ஆகிய நான்கும் சான்றுடன் விளங்கும் நூல் ஒன்று கிடைக்குமாயின் பெரிதும் பயன்படும். அத்தகைய நூல்கள் சிலவே. அவற்றுள் ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 34294 என்னும் எண்ணுடன் காக்கப்பெற்றுவரும் லத்தீன் வழிபாட்டு நூல். ‘ஸ்போர்சா வழிபாட்டு நூல்’ என அறிஞர் வழங்குவது இதுவே. இத்தாலியில் தொடங்கி, இடையில் ஒரு பகுதி களவு போய், முப்பது ஆண்டளவு கழிந்தபின் வேறொரு நாட்டில் வேறொருவர் கையால் நிறைவுற்ற நூல் இது. இதன் வரலாற்றையும், அவ்வரலாறு சுவடியாராய்ச்சிக்குத் தரும் தெளிவையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

நூல்வகை

இடைக்கால ஐரோப்பாவில் மடங்களில் வாழ்ந்த துறவியர் ஒரு நாளை எட்டுப் பொழுதுகளாகப் பகுத்து, விடியற்கு முன் தொடங்கி உறங்கச் செல்லும் வரை ஒவ்வொரு பொழுதிலும் குறித்த செபங்களையும் சங்கீதங்களையும் ஓதிவந்தனர். இல்லறத்தாருள் கல்வியும் செல்வமும் உடையோர் அம்முறையைச் சுருங்கிய வடிவில் தாமும் மேற்கொள்ள விரும்பினர். அவர்தம் பொருட்டு எழுந்ததே பொழுது வழிபாட்டு நூல் என்னும் வகை. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை இவ்வகை நூல்கள் ஐரோப்பாவில் மிகுதியாக எழுதப்பெற்றன.

இவ்வகை நூலின் உறுப்புகள் பெரும்பாலும் ஒரு தன்மையன. புனிதர் திருநாள்களைக் காட்டும் நாட்குறிப்பு முதலில் வரும். நற்செய்தி நூல்களினின்று எடுத்த பகுதிகள், கன்னி மரியாளின் பொழுது வழிபாடு, திருச்சிலுவை வழிபாடு, தூய ஆவி வழிபாடு, மனந்திரும்புதற்குரிய ஏழு சங்கீதங்கள், புனிதர் வேண்டல், இறந்தோர்க்குரிய வழிபாடு என்பன பிற உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பின் தொடக்கத்திலும் அதற்கு இயைந்த ஓவியம் அமைதல் மரபு. கன்னி மரியாளின் வழிபாட்டில் மங்கள வார்த்தை முதலாக அவர் முடிசூடுதல் ஈறாக ஓவியங்கள் நிரலே வரும். மனந்திரும்புதற்குரிய சங்கீதங்களின் முன்னர்த் தாவீது தோன்றுவான்.

இம்மரபு ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாவது. உறுப்பும் முறையும் முன்னரே அறியப்பட்டிருத்தலின், ஒரு சுவடியில் எது குறைகின்றது என்பதை எளிதிற் காணலாம். மேலும், இந்நூல்கள் தனியொருவர்க்கென எழுதப்பெற்றவை. ஆதலின் உடையவரின் பெயர், குலச்சின்னம், உருவம் ஆகியன இவற்றில் இடம்பெறுதல் இயல்பு. நூல் கைமாறுந்தோறும் புதிய உடையவரின் குறிகள் ஏறுதலும் இயல்பே. எனவே பிற்சேர்க்கை என்பது இந்நூல்வகைக்குப் புறம்பானதன்று. அதன் வாழ்க்கையோடு ஒட்டியது.

போனாவும் பிராகோவும்

சவாய் நாட்டுக் கோமகன் லூயியின் மகளாகிய போனா, மிலான் நகரை ஆண்ட கலேயாட்சோ மரியா ஸ்போர்சாவை 1468ஆம் ஆண்டில் மணந்தார். 1476ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கணவர் கொலையுண்டார். இளையனாகிய மகன் ஜான் கலேயாட்சோவின் பெயரால் போனா அரசியலை நடத்தினார். ஆயினும் கணவரின் உடன்பிறந்தாராகிய லுடோவிக்கோ 1480ஆம் ஆண்டில் அவ்வதிகாரத்தைக் கைப்பற்றிக்கொண்டார். அரசியல் இழந்த கைம்பெண்ணாகிய போனா, 1490ஆம் ஆண்டளவில் தமக்கென ஒரு வழிபாட்டு நூலை இயற்றுவிக்கத் தொடங்கினார்.

அப்பணியை ஏற்றவர் ஜோவான் பியேத்ரோ பிராகோ. இவர் ஓர் குருவானவர். மிலான் நகரத்துச் சிற்றோவியக் கலைஞருள் தலைசிறந்தவர். நூலின் தோலேடுகள் ஏறத்தாழப் பதின்மூன்று சென்டிமீட்டர் உயரமும் ஒன்பது சென்டிமீட்டர் அகலமும் உடையன. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பரப்பில் பிராகோ தீட்டிய உருவங்கள் கல்லிற் செதுக்கினாற்போன்ற திட்பம் உடையன. உடைமடிப்புகள் கூர்மையானவை, வண்ணங்கள் மணிக்கற்களின் ஒளியை ஒத்தவை. எழுத்துப் பக்கங்களைச் சூழ்ந்த ஓரங்களில் விளக்குத்தண்டு வடிவங்களும், குழந்தையுருவங்களும், அணிகலன்களும், பழைய உரோமானியக் கலையை நினைவூட்டும் கொடிப்பின்னல்களும் நிறைந்துள்ளன. போனாவின் பெயரும் சின்னங்களும் அவ்வோரங்களில் இடம்பெற்றுள்ளன.

களவும் முடங்கலும்

நூல் நிறைவுறுவதற்கு முன்னரே அதன் ஒரு பகுதி களவு போயிற்று. இச்செய்தியை நமக்கு அறிவிப்பது பிராகோவே எழுதிய முடங்கல் ஒன்றாகும். அதில் நாளும் இல்லை. பெறுவோர் பெயரும் இல்லை. முற்றுப்பெறாத அந்நூலின் பகுதியை ஜாக்கோபோ என்னும் துறவி திருடினார் என அவர் அதில் முறையிடுகின்றார். பெறுவோர் கையிலுள்ள பகுதி ஐந்நூறு டக்கட்டுக்கும் மேற்பட்ட மதிப்புடையது என்றும், மற்றைப் பகுதி கோமகளிடம் உள்ளது என்றும் அவர் குறித்துள்ளார். டக்கட் என்பது அக்காலப் பொற்காசு.

இம்முடங்கல் மூன்று செய்திகளை நிலைநாட்டுகின்றது. நூலின் குறை காலத்தாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததன்று, களவால் நேர்ந்தது என்பது ஒன்று. களவு போனபோது நூல் ஓவியர் கையிலேயே இருந்தது என்பது மற்றொன்று. களவு போனவை அழிந்தொழியவில்லை, பிறரிடம் சேர்ந்திருந்தன என்பது மூன்றாவது. இம்மூன்றாம் செய்தியின் பயனைப் பின்னர்க் காண்போம்.

ஓவியரின் பெயர் உறுதியான முறையும் ஈண்டு அறியத்தக்கது. நூலின்கண் பிராகோ கையொப்பம் இடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வோவியங்களை அந்தோனியோ தா மோன்சா என்பாருக்கு உரிமையாக்கினோரும் உளர். ஸ்போர்சா குலத்தின் வரலாறு கூறும் ‘ஸ்போர்சியாதா’ என்னும் அச்சு நூலின் சில படிகளுக்கு முகப்போவியம் தீட்டியவரும் இந்நூலின் ஓவியரும் ஒருவரே என்பது கலைப்பாங்கால் தெளிவாயிற்று. வார்சா நகரில் உள்ள படியின் முகப்பில் பிராகோவின் பெயர் சுருக்க எழுத்துகளாற் பொறிக்கப்பட்டுள்ளது. போலந்து நாட்டு அறிஞர் போக்தான் ஹொரோதிஸ்கி 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்கியது. இங்ஙனம் அச்சுநூற் கையொப்பமும், முடங்கலும், நூலின் கலைப்பாங்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒரு சான்றால் ஐயுறத்தக்கது மூன்று சான்றால் துணிபாயிற்று.

மார்கரெட்டு செய்வித்த நிரப்புப்பணி

1494ஆம் ஆண்டில் மகனை இழந்த போனா, அடுத்த ஆண்டில் மிலான் நகரை விட்டு நீங்கினார். 1503ஆம் ஆண்டில் மறைந்தார். அவரிடம் எஞ்சியிருந்த ஏடுகள் உடன்பிறந்தார் மகனாகிய சவாய்க் கோமகன் இரண்டாம் பிலிபெர்டைச் சேர்ந்தன. அவரும் 1504ஆம் ஆண்டிலேயே இறந்தார். ஏடுகள் அவர்தம் மனைவி ஆஸ்திரிய மார்கரெட்டின் உடைமையாயின. பேரரசர் மாக்சிமிலியனின் மகளாகிய இவர், 1507ஆம் ஆண்டு முதல் நெதர்லாந்துப் பகுதிகளின் ஆட்சித்தலைவியாக மெக்கலன் நகரில் அமர்ந்தார். நூல்களையும் ஓவியங்களையும் தொகுத்துப் போற்றியவர் அவர்.

குறையோடு வந்த நூலை நிறைவு செய்ய மார்கரெட்டு கருதினார். 1517ஆம் ஆண்டில் எத்தியேன் தெ லால் என்னும் எழுத்தர் விடுபட்ட பகுதிகளைப் புதிய தோலேடுகளில் எழுதத் தொடங்கினார். அரசியின் ஓவியராகிய கெரார்ட் ஹொரென்பௌட் பதினாறு முழுப்பக்க ஓவியங்களையும் இரண்டு ஓரவணிகளையும் தீட்டினார். இப்பணிகள் 1520ஆம் ஆண்டளவில் நிறைவெய்தின. இவற்றுக்குரிய ஊதியம் மார்கரெட்டின் கணக்குகளிற் பதிவாகியுள்ளது. இன்று நூலில் உள்ள 348 ஏடுகளில் முழுப்பக்க ஓவியங்கள் 64. அவற்றுள் 48 பிராகோவின் கைவண்ணம், 16 ஹொரென்பௌட்டின் கைவண்ணம்.

கணக்குகள் மட்டுமன்றி நூலும் தன் காலத்தைத் தானே உரைக்கின்றது. சங்கீதப் பகுதியின் ஓரவணி ஒன்றில் பேரரசர் ஐந்தாம் சார்லசின் உருவம் வட்டப்பதக்கமாக 1520 என்னும் ஆண்டுடன் வரையப்பெற்றுள்ளது. சார்லசு மார்கரெட்டின் உடன்பிறந்தார் மகன். அவர் பேணி வளர்த்தவர். அவ்வாண்டு அக்டோபரில் ஆகன் நகரில் சார்லசு முடிசூடினார். எலிசபெத்தைக் கன்னி மரியாள் காணச் செல்லும் ஓவியத்தில் எலிசபெத்தின் முகத்தில் மார்கரெட்டின் சாயல் உண்டு என்பது அறிஞர் சிலர் கருத்து. இங்ஙனம் இரண்டாம் உடையவரின் குலமும் நூலினுட் புகுந்தது. ஆயினும் போனாவின் பெயரையும் சின்னங்களையும் மார்கரெட்டு அழிப்பிக்கவில்லை என்பது கருதத்தக்கது. புதியதைச் சேர்த்தவர் பழையதைப் போக்கவில்லை.

இரு கைகளின் வேறுபாடு

ஹொரென்பௌட் வாழ்ந்த பிளாண்டர்ஸ் நாட்டு ஓவிய மரபு மிலான் மரபினும் வேறானது. மென்மையாகப் படியும் ஒளி, தொலைவு செல்லச் செல்ல நீலமாய்க் கரையும் நிலம், மக்கள் வாழும் வீடுகளையொத்த உள்ளிடங்கள் ஆகியன அம்மரபின் இயல்புகள். இவ்வியல்புகளை அவரால் முற்றும் விட இயலவில்லை. விட முயலவும் இல்லை. எனினும் பிராகோவின் ஏடுகளோடு தம் ஏடுகள் அருகருகே நிற்கும் என்பதை உணர்ந்து, ஓவியத்தின் அளவையும் சட்டத்தையும் முன்னையவற்றோடு பொருந்த அமைத்தார். கட்டடங்களில் இத்தாலிய வடிவங்களைக் கையாண்டார். உருவங்களைப் பெரியனவாக முன்னிலையில் நிறுத்தினார்.

ஆகவே இவற்றைப் போலி எனல் பொருந்தாது. போலி செய்வோன் தன் கையை மறைக்கின்றான். ஹொரென்பௌட் தம் கையை மறைக்கவில்லை, அடக்கி நடத்தினார். முன்னோன் வகுத்த எல்லைக்குள் நின்று தன் மொழியில் பேசுதல் என்னும் அரிய பண்பை இவ்வோவியங்களிற் காண்கின்றோம்.

மீண்ட ஏடுகள்

மார்கரெட்டு 1530ஆம் ஆண்டில் மறைந்தார். அதன்பின் இந்நூல் வெளிப்படத் தோன்றியது 1871ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டில். அங்கு இதனை வாங்கியவர் சர் ஜான் சார்லசு ராபின்சன் என்னும் ஆங்கிலக் கலையறிஞர். அவரிடமிருந்து ஜான் மால்கம் என்னும் செல்வர் பெற்று, 1893ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அவ்வருங்காட்சியகத்தின் நூல்தொகுதி 1973ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நூலகமாகத் தனித்தியங்கத் தொடங்கியது.

பிராகோவின் முடங்கல் உணர்த்தியவாறே, களவு போன ஏடுகள் அனைத்தும் அழிந்துவிடவில்லை. அவற்றுள் மூன்று இருபதாம் நூற்றாண்டிலும் இருபத்தோராம் நூற்றாண்டிலுமாக நூலிருக்கும் இடத்திற்கே வந்து சேர்ந்தன. கீழ்த்திசை ஞானியர் குழந்தை இயேசுவை வணங்கும் ஓவியம் 1941ஆம் ஆண்டிலும், நாட்குறிப்பின் மே மாத ஏடு 1984ஆம் ஆண்டிலும், அக்டோபர் மாத ஏடு 2004ஆம் ஆண்டிலும் கிடைத்தன.

நாட்குறிப்பு ஏடுகள் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. இன்றுள்ள நூலில் நாட்குறிப்புப் பகுதி இல்லை. நூலை மட்டும் நோக்குவோர், போனாவின் நூலுக்கு நாட்குறிப்பே வகுக்கப்படவில்லை எனக் கருதக்கூடும். ஈரேடுகள் அக்கருத்தை அடியோடு மாற்றிவிட்டன. சுவடியில் ஒன்று இன்மை, அது என்றும் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகாது.

ஞானியர் ஓவியமோ இன்னும் ஆழ்ந்த சிக்கலை எழுப்புகின்றது. அதே பொருள்மேல் ஹொரென்பௌட் தீட்டிய ஓவியம் நூலினுள் உரிய இடத்தில் நிற்கின்றது. முதலோவியம் மீண்டுவிட்டது, அதன் இடத்தை நிரப்ப வந்த ஓவியமும் உள்ளது. மூலம் கிடைத்துவிட்டமையின், நிரப்பியதை அகற்றி மூலத்தை அவ்விடத்திற் பொருத்துதல் தகுமா?

மூலம் ஒன்றையே மதிப்போர் தகும் என்பர். ஆயின் அங்ஙனம் செய்யின் கிடைப்பது யாது? 1490ஆம் ஆண்டளவில் பிராகோ கருதிய நூல் அன்று. அது என்றும் முற்றுப்பெற்றதே இல்லை. 1520ஆம் ஆண்டில் மார்கரெட்டு கையிலேந்திய நூலும் அன்று. அதில் பிராகோவின் ஞானியர் ஓவியம் இருந்ததில்லை. எக்காலத்தும் எவர் கையிலும் இல்லாத மூன்றாம் நூல் ஒன்றை நாமே படைத்தவராவோம். மூலத்தை மீட்பதாகத் தொடங்கிய முயற்சி, புதியதொரு பிற்சேர்க்கையில் முடியும். மீண்ட மூன்று ஏடுகளும் நூலினுட் செருகப்படாமல் தனித்தனி எண் பெற்று அதே நூலகத்தில் விளங்குகின்றன. ஞானியர் ஓவிய ஏட்டின் எண் 45722. இம்முறையே ஆராய்ச்சிக்கு ஒத்ததாகும். முன்னையது தன் இடத்தை இழந்தமையும், பின்னையது அவ்விடத்தைப் பெற்றமையும் இரண்டும் நடந்த வரலாறுகளே.

பிற்சேர்க்கையின் வகைகள்

மேற்கூறியவற்றால் பிற்சேர்க்கை என ஒரு பெயரால் நாம் சுட்டுவன ஒரு தன்மையன அல்ல என்பது பெறப்படும். இந்நூலில் உள்ளவற்றை இருவகையாகப் பகுக்கலாம். எத்தியேன் தெ லால் எழுதிய பகுதிகளும் ஹொரென்பௌட்டின் ஓவியங்களும் இழந்ததை ஈடுசெய்யும் நிரப்புகள். இவை முன்னைய நூலின் தேவையால் பிறந்தவை. இவற்றின் இடமும் பொருளும் முன்னரே வகுக்கப்பட்டவை. சார்லசின் பதக்கமும் மார்கரெட்டின் சாயலும் உடையவரின் அடையாளங்கள். இவை நூலின் தேவையால் அல்லாமல் உடையவரின் வாழ்க்கையால் பிறந்தவை. ஒரே ஓவியர் ஒரே காலத்தில் செய்தவற்றுள்ளும் இவ்விருவகையும் உள. இவையிரண்டுமன்றி, தன்னை மூலமெனக் காட்டி உட்புகுவது மூன்றாம் வகை. அதுவே இடைச்செருகல் என்னும் பெயருக்கு உரியது. அத்தகையது எதுவும் மேற்கண்டவற்றுள் இல்லை.

ஏட்டுச்சுவடிகளோடு பழகும் நமக்கு இப்பாகுபாடு சிறப்பாக வேண்டப்படுகின்றது. தோலேடு பல நூற்றாண்டுகள் நின்று நிலவுவது. அதில் முதற்கையும் இரண்டாங்கையும் இன்றும் அருகருகே காணக்கிடக்கின்றன. நம் பனையோலையோ சில நூற்றாண்டுகளில் சிதையும் இயல்பினது; ஆதலின் மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதப்பெற்றது. பெயர்த்தெழுதுவோன் முன்னைச் சுவடியின் மூலத்தையும், அதன் சேர்க்கையையும், ஓரக்குறிப்பையும் ஒரே கையெழுத்தில் எழுதிச் செல்வான். அந்நிலையில் நிரப்பும் செருகலும் தம்முள் வேற்றுமை தோன்றாது கலந்துவிடுகின்றன. கண்ணாற் காணும் சான்று அங்கு இல்லை. மொழிநடை, யாப்பு, பொருளியைபு ஆகியவற்றாலேயே உய்த்துணர வேண்டியுள்ளது. சான்று குறைந்த இடத்தில் தீர்ப்பு விரைதல் தகாது. சிதைந்த ஏட்டைக் கண்டு இரங்கிய ஒருவன் இழந்த பகுதியை நிரப்பினானா, தன் கருத்தை முன்னோர் வாயில் ஏற்றினானா என்று காணாமுன் இரண்டையும் ஒரு பெயரால் இழித்தல் நடுவுநிலை ஆகாது.

முடிவுரை

ஸ்போர்சா வழிபாட்டு நூல் ஒருவரின் படைப்பன்று. அரசியல் இழந்த பெண்ணொருத்தி தொடங்குவித்தாள். குருவானவர் ஒருவர் தீட்டினார். துறவி ஒருவர் சிதைத்தார். ஆட்சிபுரிந்த பெண்ணொருத்தி நிறைவிப்பித்தாள். வடநாட்டு ஓவியர் ஒருவர் நிறைவித்தார். பிராகோவின் 48 ஓவியங்களை மட்டும் மூலமெனக் கொண்டு ஏனையவற்றை நீக்கிப் பார்ப்பின், மிலான் நகரக் கலையின் ஒரு துண்டு நம் கையில் எஞ்சும். குலமும் நாடும் கடந்து ஒரு நூல் பேணப்பட்ட வரலாறு மறையும்.

ஆகவே, மூலமும் பிற்சேர்க்கையும் எவை எனப் பகுத்தறிதல் ஆராய்ச்சியின் முதற்கடன். பகுத்தவற்றுள் ஒவ்வொன்றும் எக்காலத்துக்கு, எந்நோக்கத்துக்குச் சான்று என வினவுதல் அதன் இரண்டாங்கடன். முதற்கடனை முடித்தவுடன் ஆராய்ச்சி முற்றிற்று எனக் கொள்வோர் பாதிவழியில் நின்றவராவர். பின்வந்தது முன்னையதற்குச் சான்றாகாது; ஆயினும் தன் காலத்துக்கு அதுவே நேரிய சான்று என்க.